அமாவாசை பார்த்து அந்தமான்

அந்தமான் போகிறோம் என்று யாராவது சொன்னால், முதலில் தேதியைத்தான் கேட்பேன். கேட்டதும் தினசரி காலண்டரைப் புரட்டி, அமாவாசையும் பௌர்ணமியும் எந்த நாட்களில் வருகின்றன என்று பார்க்கச் சொல்வேன். ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகு.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே மிதமாக இருக்கும். மெரினாவில் குளித்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஹேவ்லாக் தீவில் நன்றாகத் தெரியும். அங்கே விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், 3, 5 என்று எண்ணிட்ட கடற்கரைகளை ஒட்டி இருக்கின்றன. கரை தட்டையாக ஓடுவதால், வற்றும் நேரத்தில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் பவளத் துண்டுமாகக் கிடக்கும். கடலைப் பார்த்த அறை என்று கூடுதல் வாடகை கொடுத்தவர்கள் குளிக்க இடமில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீச்சலுக்காகவே போகிறவர்கள் அஷ்டமியை ஒட்டித் தேதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் நீல் தீவுக்கு அந்த வற்றுதல்தான் வேண்டும். லட்சுமண்பூரில் இயற்கையாகவே அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறிய வங்காளிகள் அதை ஹௌரா பாலம் என்பார்கள். கடல் வற்றினால்தான் அதன் அடிவரை நடந்து போக முடியும். அம்மாவைக் கைபிடித்து அந்தப் பாறைகளின் மேல் கூட்டிப்போனேன். முழங்கால் ஆழம்கூட இல்லாத குழிகளில் தெளிந்த தண்ணீர். அதில் கறுப்புக் கடல் அட்டைகள், விரல் நீள நீல மீன்கள். "இங்க பாருடா, கல்லு நகருது" என்றார் அம்மா. குனிந்து பார்த்தால், ஒரு சங்கைச் சுமந்துகொண்டு நண்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. கரையில் கிடக்கும் சங்கும் சிப்பியும் இப்படிப்பட்ட நண்டுகளுக்கு வீடு. அவற்றையும் பவளத் துண்டுகளையும் பொறுக்கி ஊருக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாறை வழுக்கும், பவளம் காலைக் கிழிக்கும். பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்பு கட்டாயம்.

வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்று போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பாமல், விடுதியிலோ படகுக்காரரிடமோ அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். ஜனவரியில் 5.15 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அந்தி பார்க்க ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு 3 மணிக்கே போய்விட வேண்டும். மதியம் நிதானமாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற வழக்கத்தை அங்கே கைவிட்டு, விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். சீக்கிரம் இருட்டுவதால் இன்னொரு கவனமும் வேண்டும்: உவர்நீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை. 2010-ல் ராதாநகர் பக்கத்தில் கடலில் இறங்கிய ஒரு பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், இருட்டிய பிறகும், சதுப்புநில ஓடைகளின் வாயிலும் தண்ணீரில் இறங்கவே கூடாது.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பர் புயல் சின்னங்களின் காலம். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஆகவே எந்த மாதமானாலும், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தலைநகர் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள். ஹேவ்லாக்கிலிருந்து காலைக் கப்பலில் வந்து அன்றே விமானம் பிடிக்கலாம் என்று பயண முகவர்கள் போட்டுத்தரும் திட்டத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. டிக்கெட் எடுக்கும்போது புதிய பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப், 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

ஸ்கூபா ஆசை உள்ளவர்கள் அதைப் பயணத்தின் முன்பாதியிலேயே முடித்துவிட வேண்டும். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். முக்குளித்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது பாதுகாப்பு.

கடைசி நாளுக்குத் தலைநகரில் செல்லுலார் சிறை இருக்கிறது. அரை நாளாவது ஒதுக்குங்கள். அந்த நாள் சிறைக்கு விடுமுறையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.