பணிஸ் இல்லாத பர்கர்: வேலைநாள் இரவுக்கு எந்தக் கிண்ணம் பொருந்தும்?

பர்கர் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத பாட்டி, சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் அப்பா. மூவரும் ஒரே மேசையில் உட்காரும் வீடுகள் மாத்தளையில் நிறைய உண்டு. வேலைநாளில் மூவருக்கும் மூன்று சமையல் செய்ய யாராலும் முடியாது. கடைக்குப் போனால் செலவு. வீட்டிலேயே செய்யலாம் என்றால், இறைச்சியைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, ஒவ்வொன்றாகப் பொரித்து, பணிஸுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

இதற்கு நல்ல வழி, பர்கரைப் பிரித்துப் பரிமாறுவதுதான். இறைச்சியைத் தட்டாமல் உதிரியாக வறுக்க வேண்டும். பணிஸுக்குப் பதிலாகக் கிழங்கோ ரொட்டியோ சோறோ கிண்ணத்தின் அடியில் இருக்கட்டும். சலாது, ஊறவைத்த வெங்காயம், சோஸ் எல்லாவற்றையும் தனித்தனியாக மேசையில் வைத்துவிட்டால் அவரவர் தமக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்வார்கள். மாச்சத்தைக் குறைக்க நினைத்த அமெரிக்கர்களிடையே பரவிய முறை இது. ஒரே கிண்ணத்தில் முழுச் சாப்பாடு என்பது ஆசியாவுக்குப் புதிதும் அல்ல. ஜப்பானியரின் டொன்புரியும் கொரியரின் பிபிம்பாப்பும் அப்படிப்பட்டவையே.

தேர்வு செய்யும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பர்கரின் சுவை மூன்று இடங்களில் இருக்கிறது: நன்றாகச் சிவந்த வறுவல், புளிப்பான ஊறல், வழவழப்பான சோஸ். பணிஸின் வேலை இந்த மூன்றையும் கையில் பிடிக்க உதவுவது மட்டும்தான். ஆகவே காசையும் நேரத்தையும் இந்த மூன்றில் செலவழியுங்கள். மற்றவற்றில் வீட்டில் உள்ளது போதும்.

முதல் தெரிவு: வறுவலுக்கு எது?

*மாட்டிறைச்சி.* மூலப் பர்கரின் சுவை இதில்தான். பர்கருக்கு அரைக்கும் இறைச்சியில் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கொழுப்புக் குறைந்தது என்பதால், தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தால் வறண்டு போகாது. மாட்டிறைச்சி சாப்பிடாத ஒருவர் வீட்டில் இருந்தால் இதைத் தெரிவு செய்ய வேண்டாம். ஒரே சமையல் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்த முறைக்கே வருகிறோம்.

*கோழி.* தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் ஊரில், விருந்தாளி வந்தாலும் தயங்காமல் பரிமாறக்கூடியது கோழிதான். முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள் என்றால் ஹலால் கோழியாக வாங்கிக்கொள்ளுங்கள். நெஞ்சுப் பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், தொடைப் பகுதிதான் நல்லது. மின்ஸ் பண்ணித் தர ஆளில்லாவிட்டால் வீட்டுக் கத்தியால் பொடியாகக் கொத்திக்கொள்ளலாம். நால்வருக்கு 400 கிராம் போதும்.

*டின் மீன்.* 425 கிராம் டின் ஒன்று நால்வருக்குக் காணும். கட்லட்டுக்கு உள்ளீடு செய்யத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முன்பே தெரியும். தண்ணீரை முழுவதும் வடித்து, மீனை உதிர்த்து, மிளகும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து வறுக்க வேண்டும். மெதுவான நடுமுள்ளை எறியாமல் நசுக்கிச் சேர்த்தால் பிள்ளைகளுக்குக் கல்சியம் கிடைக்கும். சுவையில் இது பர்கரிலிருந்து கொஞ்சம் விலகித்தான் நிற்கும். ஆனால் மாதக் கடைசியில் இதைப்போல் கைகொடுக்கும் பொருள் வேறில்லை.

*சோயா.* எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்யப்படுவது. உலர்ந்த நிலையில் ஏறக்குறைய பாதி எடை புரதம். 100 கிராம் ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும் என்பதால் குடும்பத்துக்கே போதும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அந்தக் காலத்தைக் கடந்து வந்த எந்த வீட்டுக்கும் சோயாவின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பலர் செய்யும் தவறு, ஊறியதைப் பிழியாமல் தாச்சியில் கொட்டுவது. கையால் இறுக்கிப் பிழிந்து, கத்தியால் பொடியாக்கி, பிறகு வறுத்தால்தான் இறைச்சியின் கடிப்பு வரும்.

*கௌபி.* காலையில் ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். பின்னேரம் குக்கரில் அவித்து, பாதியை மசித்து, பாதியை முழுசாக விட்டு வறுத்தால் வெள்ளிக்கிழமைக்கு மிக நல்ல கிண்ணம். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும்போதும் இது உதவும்.

*பிஞ்சுப் பலா.* மாத்தளைத் தோட்டங்களில் பலாவுக்குப் பஞ்சமில்லை. நார் நாராகப் பிரியும் அதன் சதை இறைச்சியைப் போலவே தோன்றும். ஆனால் புரதம் நூறு கிராமுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் மட்டும்தான். ஆகவே முட்டையோ கௌபியோ கூட இருக்க வேண்டும். பால் வடியும் காயை உரித்து, வெட்டி, மெதுவாகும்வரை அவிக்க வேலைநாளில் நேரம் போதாது. ஞாயிற்றுக்கிழமை அவித்துப் பிரிஜ்ஜில் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைத் தெரிவு செய்யலாம்.

வறுக்கும்போது கவனிக்க வேண்டியது

எதைத் தெரிவு செய்தாலும் வறுக்கும் முறை ஒன்றே. தாச்சி நன்றாகச் சூடாக வேண்டும். இறைச்சியைப் பரப்பிப் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் அகப்பையைத் தொடாதீர்கள். முதலில் சலசலவென்று தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறி, படபடவென்று எண்ணெய் பொரியும் ஓசை கேட்கும். அடியில் படிந்த பக்கம் கறுவாப்பட்டை நிறத்துக்கு வரும். அப்போது புரட்டுங்கள். இந்தச் சிவப்பில்தான் பர்கரின் மணம் இருக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து புதிய சுவைகளை உண்டாக்குவதை 1912 இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மைலார்ட் விளக்கினார். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது, ஆனால் இந்த வினை வேகமாக நடக்க 140 பாகை அளவு வேண்டும். வெங்காயத்தை முதலில் வதக்கி அதன்மேல் இறைச்சியைப் போடும் நம் கறிப் பழக்கத்தை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டியது இதனால்தான். வெங்காயத்தின் தண்ணீர் இறைச்சியை அவித்துவிடும். இறைச்சி சிவந்த பிறகே வெங்காயமும் உள்ளியும் போடுங்கள்.

அரைத்த இறைச்சியில் வெளிப்புறக் கிருமிகள் உள்ளேயும் கலந்திருக்கும். அதனால் இளஞ்சிவப்பு எங்கும் தெரியாமல் போகும்வரை வேக வேண்டும். மாட்டிறைச்சிக்கு 71 பாகை, கோழிக்கு 74 பாகை என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. உதிரியாக வறுப்பதில் உள்ளே வேகாமல் நிற்கும் அபாயம் தட்டிப் பொரிப்பதைவிடக் குறைவு.

மசாலாவில் கட்டுப்பாடு வேண்டும். கறித்தூளும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தால் அது நல்ல கறியாகிவிடும், பர்கராக இருக்காது. உப்பு, உள்ளி, கடைசியில் கொரகொரப்பாக இடித்த மிளகு, இவை போதும். மாத்தளையில் இருந்துகொண்டு அரைத்த மிளகுத் தூள் பக்கெட் வாங்குவது பாவம். ரத்தோட்டைப் பக்கத்திலோ உக்குவலையிலோ தெரிந்தவர் வீட்டில் காயவைத்த மிளகு ஒரு போத்தல் வாங்கிவைத்து, அன்றன்றைக்கு இடித்துக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி என்றால் சாதிக்காயை ஒரே ஒரு முறை உரசிச் சேர்க்கலாம்.

இரண்டாம் தெரிவு: அடியில் எது?

பணிஸின் நினைவை அதிகம் தருவது தேங்காய் ரொட்டி. சூடாகச் சுட்டு, கையால் பிய்த்துப் போட்டால் சோஸை இழுத்துக்கொள்ளும். மா பிசைந்து சுட அரை மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் குறை. நேரமில்லாத அன்று பாணைச் சதுரமாக வெட்டி, வெறும் தாச்சியில் மொறுமொறுப்பாகப் புரட்டினால் போதும். முதல்நாள் பாண் இதற்கு இன்னும் நல்லது.

உருளைக்கிழங்கு பிள்ளைகளின் கட்சி. அவித்த கிழங்கைக் கையால் லேசாக நசுக்கி எண்ணெயில் புரட்டினால் பொரித்த கிழங்கின் ஆசை அடங்கிவிடும், எண்ணெயும் குறையும். வத்தாளங்கிழங்கும் அதேபோல் பொருந்தும். அதன் இனிப்பும் மிளகின் காரமும் நல்ல ஜோடி. மரவள்ளிக்கிழங்கு விலை குறைவு, வயிறு நிறையும். அதை மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும்.

சோறு எப்போதும் வீட்டில் இருக்கும். ஆனால் சுடுசோற்றின் மேல் மயோனெய்ஸ் சோஸ் ஊற்றினால் குழைந்துவிடும். மத்தியானச் சோற்றை இறைச்சி வறுத்த அதே தாச்சியில் ஒரு முறை பிரட்டி எடுத்தால் அந்தக் குறை தீரும், அடியில் ஒட்டிய ருசியும் வீணாகாது.

சீனி வருத்தம் உள்ளவருக்குக் கோவாவை மெல்லியதாக அரிந்து, பெரிய நெருப்பில் ஒரு நிமிடம் வதக்கி, அதையே அடியில் வைக்கலாம். கிழங்கை இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டால் அவரும் மற்றவர்களோடு ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

மூன்றாம் தெரிவு: புளிப்பும் மொறுமொறுப்பும்

வெங்காயத்தை மெல்லிய வளையமாக அரிந்து, தென்னை வினாகிரி, உப்பு, கொஞ்சம் சீனி சேர்த்துக் கால் மணி நேரம் வைத்தால் போதும். வெள்ளரிக்காயும் இதே முறையில். சமையலின் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டால் மற்றது முடிவதற்குள் ஊறிவிடும். தம்புள்ளை, கலேவலைப் பக்கத்துப் பெரிய வெங்காயம் அறுவடைக்கு வரும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் தாராளமாகச் செய்யலாம். வதக்கிய வெங்காயம் பிடிக்கும் என்பவர்களுக்குச் சீனிச் சம்பல் இருக்கவே இருக்கிறது. உலகத்தின் எந்தப் பர்கர் கடையின் வதக்கிய வெங்காயத்தையும்விட அது மேல் என்று உறுதியாகச் சொல்வேன். வீட்டில் ஒரு போத்தல் அச்சாறு இருந்தால் அதுவும் இந்த இடத்தில் நன்றாக உட்காரும்.

சலாது இலை சூட்டில் வாடிவிடும் என்பதால் கிண்ணத்தின் ஓரத்தில் வைக்க வேண்டும். சலாது கிடைக்காவிட்டால் பச்சைக் கோவாவே போதும், கடைசி வரை மொறுமொறுப்பு இருக்கும். தக்காளி, கரட், கோவா எதுவானாலும் மாத்தளை மாவட்டத்தார் கொடுத்துவைத்தவர்கள். 1999 இல் தொடங்கிய தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு வராத மரக்கறி குறைவு.

நான்காம் தெரிவு: சோஸ்

மயோனெய்ஸ் மூன்று பங்கு, தக்காளி சோஸ் ஒரு பங்கு, அரைத்த கடுகு கால் தேக்கரண்டி, ஊறவைத்த வெங்காயத்தின் வினாகிரி சிறிது. பர்கர் கடைச் சோஸ் இவ்வளவுதான். மயோனெய்ஸ் விலை கூட என்று நினைப்பவர்கள், கெட்டித் தயிரைத் துணியில் வடித்து, உள்ளி, கடுகு, மிளகு, உப்பு சேர்த்து அடிக்கலாம். சீனியும் எண்ணெயும் குறைந்த இந்தத் தயிர்ச் சோஸ் பெரியவர்களுக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கென்று காரம் சேர்க்காமல் ஒரு கரண்டி முன்பே எடுத்துவையுங்கள். சீஸ் கட்டாயம் இல்லை. மேலே ஒரு அரைவேக்காட்டு முட்டையோ, பருவத்தில் கிடைக்கும் அவகாடோவோ அந்த வழவழப்பைத் தரும். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முட்டையை முழுதாக வேகவைத்தே கொடுங்கள்.

எந்த நாளுக்கு எது?

* அரை மணி நேரம் மட்டும் கையில் இருந்தால்: கோழி, பாண் துண்டு, ஊறவைத்த வெங்காயம், மயோனெய்ஸ் சோஸ்.
* பிள்ளைகளின் நாள்: கோழி அல்லது மாட்டிறைச்சி, நசுக்கிப் புரட்டிய உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டை.
* மாதக் கடைசி: சோயா அல்லது டின் மீன், மரவள்ளிக்கிழங்கு, பச்சைக் கோவா, தயிர்ச் சோஸ்.
* வெள்ளிக்கிழமையும் போயாவும்: கௌபி, தேங்காய் ரொட்டி, மாசி சேர்க்காத சீனிச் சம்பல், தயிர்ச் சோஸ்.
* சீனி வருத்தக்காரர் உள்ள வீடு: எந்த வறுவலும், வதக்கிய கோவா, வெள்ளரிக்காய், அவகாடோ.

வேலை முடிந்து தாமதமாக வருபவருக்கும் இந்த முறை வசதி. அடுக்கி வைத்த பர்கர் ஒரு மணி நேரத்தில் நனைந்து தொய்ந்துவிடும். பிரித்து வைத்தது அப்படி ஆகாது. வறுவலை மட்டும் சூடாக்கினால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்துமானால் இறைச்சியைப் பிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் என் முடிவு இது: முதன்முதலில் செய்பவர்கள் கோழித் தொடை, உருளைக்கிழங்கு, வினாகிரி வெங்காயம், தயிர்ச் சோஸ் என்ற கூட்டணியில் தொடங்குங்கள். விலையும் நேரமும் கட்டுப்படியாகும், வீட்டில் பெரும்பாலானோருக்கும் பிடிக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கோழி இருந்த இடத்தில் கௌபியை வையுங்கள், மற்றது எதையும் மாற்ற வேண்டாம். கிண்ணங்களை மேசை நடுவில் வைத்து, பிள்ளைகளைத் தாங்களே போட்டுக்கொள்ள விடுங்கள். தானே தெரிவு செய்த மரக்கறியை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு.