ஊன்றிய திருவடி

ஓர் ஓவியத்தையோ சிற்பத்தையோ காணும்போது நம் கண்கள் முதலில் நாடுவது முகத்தையே ஆகும். அகத்தின் அழகை முகம் காட்டும் என்று கேட்டுப் பழகியவர் நாம். முகத்தைக் கண்டபின் கைகளைக் காண்போம், அணிகலன்களைக் காண்போம். அடிகளை நோக்கும் பொறுமை நம்மில் பலருக்கு இருப்பதில்லை. ஆயினும், ஆடலைக் கல்லிலும் செம்பிலும் வடித்த தமிழ்ச் சிற்பியர் தம் திறத்தின் பெரும்பகுதியை அடிகளிலேயே வைத்துச் சென்றனர்.

'அடி' என்னும் சொல்லின் பொருள்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாதம் அடி எனப்படும். மரத்தின் வேரை ஒட்டிய பகுதியும் அடி எனப்படும். சீர்கள் தொடர்ந்து அமைவதும் அடியே. மனிதன் அடியால் நடப்பதுபோலச் செய்யுளும் அடியால் நடக்கிறது. சிலப்பதிகாரம் பாடிய துறவியை நாம் இளங்கோவடிகள் என்கிறோம். உடம்பின் கீழ் உறுப்பின் பெயரால் உயர்ந்தோரைப் போற்றிய மொழி நம் மொழி. இம்மொழி வழங்கும் நாட்டில் அடியின் அழகு கலைப்பொருளானதில் வியப்பு யாது?

அவ்வழகைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டியை அடுத்த புதுவாயலில் வாழும் மாணவர் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூரை அடைந்து, அங்கிருந்து அரக்கோணம் செல்லும் புகைவண்டியில் ஏறினால் திருவாலங்காடு என்னும் ஊரை அடையலாம். கூத்தப்பெருமானுக்கு உரிய ஐந்து மன்றங்களுள் இரத்தின சபை இங்கே உள்ளது. தில்லைப் பொன்மன்றமும், மதுரை வெள்ளிமன்றமும், நெல்லைச் செப்புமன்றமும், குற்றாலச் சித்திரமன்றமும் ஏனைய நான்காம்.

காளிக்கும் சிவபெருமானுக்கும் இவ்வூரில் ஆடற்போட்டி நிகழ்ந்தது என்பது புராண வரலாறு. ஆடலிடையே பெருமானின் காதணி நிலத்தில் வீழ்ந்ததாம். அவர் அதனைக் கால் விரலால் எடுத்து, காலை மேலே உயர்த்திக் காதில் அணிந்தாராம். அவ்வாறு ஒரு காலை வானோக்கி உயர்த்திய கூத்தினை ஊர்த்துவ தாண்டவம் என்பர். இங்குள்ள கூத்தப்பெருமானின் கோலம் அதுவே.

இத்தலத்தில்தான் காரைக்காலம்மையார் பெருமானின் அடிக்கீழ் இருக்கும் பேறு பெற்றார். இறைவன் உறையும் இடத்தைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவர் அவர் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் வேண்டிப் பெற்ற வரமோ, பெருமான் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருத்தல் என்பதாகும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிற் சுவரில் ஆடும் பெருமானைக் கல்லில் அமைத்த சிற்பி, வற்றி எலும்பாய அம்மையாரை அத்திருவடியின் அருகே அமர்த்தியிருக்கிறான். எங்கிருந்து ஆடலைக் காண வேண்டும் என்பதை அம்மையாரின் வாயிலாக அவன் நமக்கு அறிவுறுத்துகிறான் போலும்.

திருவாலங்காட்டிலிருந்து கிடைத்த மற்றொரு செல்வம், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் விளங்குகிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியாகிய அது நான்கடிக்குச் சற்றுக் குறைந்த உயரம் உடையது. இது ஊர்த்துவ தாண்டவம் அன்று, ஆனந்த தாண்டவம். இடக்கால் மடிந்து, உடலின் குறுக்கே வலப்புறம் நோக்கி உயர்ந்துள்ளது. வலக்கால் முழங்காலில் வளைந்து முயலகன்மேல் ஊன்றியுள்ளது. இடப்புறத்து முன்கை குறுக்கே நீண்டு, விரல் நுனியால் தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது. இதனைக் காணும் அடியவரும் கலைஞரும் கை காட்டும் வழியே சென்று, தூக்கிய அடியின் எழிலில் ஈடுபட்டு நிற்பர். அது முறையே. ஆயின் அவ்வளவில் நின்றுவிடாமல், எந்தக் கையும் சுட்டாத மற்றோர் அடியையும் நோக்குதல் வேண்டும்.

ஊன்றிய திருவடியை உற்று நோக்குங்கள். தொடையிலிருந்து இறங்கும் பாரம் முழங்காலின் வளைவில் தங்கி, கணைக்கால் வழியே குதிகாலை அடைந்து, விரல்கள் வரையில் பரவுகிறது. உடல் ஒருபுறம் சாய, கைகள் நாற்புறமும் விரிய, ஒரு கால் உயர, அத்தனை அசைவையும் அடியொன்று ஏற்று நிற்கிறது. முழங்கால் விறைத்து நின்றிருந்தால் அத்திருமேனி தூண் போலத் தோன்றியிருக்கும். மிக மடிந்திருந்தால் தளர்ந்து வீழ்வது போலத் தோன்றியிருக்கும். இரண்டிற்கும் நடுவே, அடுத்த நொடியில் சுழலப் போகும் கால் எதுவோ அதனையே சிற்பி கண்டு வார்த்தான். இத்திருமேனியில் இன்று திருவாசி இல்லை. ஆதலின் ஊன்றிய காலின் உறுதி மறைவின்றி விளங்குகிறது.

உலோகத்தை உருக்கி வார்க்கும் தொழில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மாணவர்க்குப் புதியதன்று. இரும்பும் எஃகும் தீயில் இளகும் ஆலைகள் பல அங்கு உள்ளன. சோழர் காலத்துச் சிற்பியும் உலையின் வெம்மையை அறிந்தவனே. முதலில் மெழுகால் உருவினைச் செய்வான். அதன்மேல் மண்ணைப் பலமுறை பூசி உலர்த்துவான். சூடேற்றி மெழுகை வெளியேற்றுவான். மெழுகு நீங்கிய வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவான். உலோகம் ஆறியபின் மண்ணை உடைத்தால் உருவம் வெளிப்படும். ஓர் அச்சில் ஓர் உருவமே கிடைக்கும். பிழை நேரின் அச்சை மீண்டும் பயன்படுத்த இயலாது. மேலும், இத்தகைய திருமேனிகள் உள்ளே கூடாக இல்லாமல் கெட்டியாக வார்க்கப்பட்டவை. அப்பாரத்தை ஒரு காலில் நிறுத்துவதற்கு எத்துணைக் கணக்கும் கவனமும் வேண்டும்!

இக்கணக்கைச் சிற்பி எங்குக் கற்றான்? தாள அளவுகளை நூலில் கற்றிருப்பான். ஆடும் அடிகளைக் கண்ணாற் கண்டும் கற்றிருப்பான். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைக்குமேல் உள்ள தளத்தில், பரத நூல் கூறும் நூற்றெட்டுக் கரணங்களைச் செதுக்க இடம் வகுத்தனர். அவற்றுள் 81 கரணங்கள் முற்றுப்பெற்றன. எஞ்சிய 27 இடங்கள் செதுக்கப்படாத வெறுங்கல்லாகவே நிற்கின்றன. அதே கோயிலுக்கு இராசராச சோழன் பல ஊர்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டிரைக் கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்தான். அதனினும் சிறந்தது ஒன்று செய்தான். அந்நானூற்றுவரின் பெயர்களையும் ஒருவர் விடாமல் கோயிற் கல்லிற் பொறித்தான். ஆடிய அடிகள் மறைந்தன. ஆடியவர் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளாக மறையவில்லை. கலையைப் போற்றுவோர் கலைஞரின் பெயரையும் போற்ற வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆடுவோரின் அடி மலர் போல மென்மையானது என்று புலவர் புனைவர். உண்மையில் அது உழைப்பால் உரம் பெற்ற அடியாகும். அரைமண்டியில் அமர்ந்து, தட்டடவையும் நாட்டடவையும் நாள்தோறும் பன்முறை பயில்பவரின் உள்ளங்கால் தடித்துப் போகும். குதிகால் காய்த்துவிடும். சலங்கையின் கயிறு கணைக்காலில் தழும்பு பதிக்கும். அவ்வடியில் உள்ள எலும்புகள் இருபத்தாறு. அவை அனைத்தும் தாளத்திற்குக் கட்டுப்படப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். முகம் ஒரு நொடியில் நகையை வருவித்துக் கொள்ளலாம். கால் அவ்வாறு பயிற்சியை வருவித்துக் கொள்ள இயலாது. பயின்றதா, பயிலாததா என்பதை முதல் அடியிலேயே அது சொல்லிவிடும்.

இவ்வுண்மையை உணர்ந்த மேலைநாட்டுச் சிற்பி ஒருவரும் உண்டு. பிரான்சு நாட்டவராகிய ரோடின் என்பவர், கம்போடிய நாட்டு ஆடல் மகளிர் 1906ஆம் ஆண்டு தம் நாட்டிற்கு வந்தபோது, அவர்களைப் பின்தொடர்ந்து சென்று நூற்றுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்களை வரைந்தார். பின்னர்த் திருவாலங்காட்டுத் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து கட்டுரை ஒன்று வரைந்தார். அவர் 1917இல் மறைந்தார். அக்கட்டுரை 1921இல் பாரிசு நகரில் நூலேறியது. சென்னைக்கு வாராமலே, படத்தின் வாயிலாகவே தமிழ்ச் சிற்பியின் உள்ளத்தை அவர் தொட்டார்.

அவர் வடித்த 'நடக்கும் மனிதன்' என்னும் சிற்பத்திற்குத் தலையும் இல்லை; கைகளும் இல்லை. எனினும் நிலத்தில் ஊன்றிய இரு பாதங்களைக் கண்ட அளவில், ஒரு மனிதன் உறுதியோடு நடக்கிறான் என்பதை நாம் அறிகிறோம். இதற்கு மாறாக, மொகஞ்சதாரோவில் கிடைத்த சிறிய செப்புப் பாவை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதனை 'ஆடல் நங்கை' என்பர். அதற்கு முகம் உண்டு. கையில் வளையல்கள் உண்டு. பாதங்கள் மட்டும் சிதைந்து போயின. ஆதலின் அவள் ஆடுகிறாளா, வாளா நிற்கிறாளா என்பதை எவரும் துணிந்து கூற இயலவில்லை. தலையின்றியும் நடை விளங்குகிறது. அடியின்றி ஆடல் ஐயத்திற்கு இடமாகிறது.

மாணவர்களே! தூக்கிய திருவடியை உலகம் காண்கிறது. அது தூக்கி நிற்பதற்கு இடம் தந்தது ஊன்றிய திருவடி அன்றோ? உலகியலும் இத்தகையதே. உயர்ந்து தோன்றும் ஒவ்வொன்றின் கீழும் ஊன்றி நின்று பாரம் தாங்குவோர் உளர். உழுபவரும், உலையின்முன் நின்று உருக்கை வார்ப்பவரும், பயிற்றிய ஆசிரியரும், பெற்ற தாயும் அத்தகையோர். எந்தக் கையும் அவர்களைச் சுட்டிக் காட்டுவதில்லை. நாமே நோக்கி அறிதல் வேண்டும்.

இனி நீங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திற்கோ திருவாலங்காட்டிற்கோ செல்லும்போது, திருமுகத்தைக் கண்டு மகிழுங்கள். தூக்கிய அடியைக் கண்டு வியந்து போற்றுங்கள். பின்னர்ச் சற்றே குனிந்து, ஊன்றிய அடியையும் கண்டு வாருங்கள்.