கச்சான் காலம்: கூட்டைப் பார்த்துவிட்டு மலைக்குப் போங்கள்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் கச்சான் வீசும். இந்தக் காய்ந்த காற்றில்தான் நம் கொழுந்துக்கு மணம் ஏறுகிறது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பேர் வாங்கியதும் இந்த மாதங்களால்தான். அதே காற்று மரக்கிளையில் தொங்கும் குளவிக் கூட்டையும் உலுக்கிவிடுகிறது. கழுகு கொத்திக் கூடு கலைவதும் உண்டு. எப்படிக் கலைந்தாலும் கொட்டு வாங்குவது கீழே நிரையில் நிற்கும் பெண்கள்தான். பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, நமுனுகுல பக்கத்தில் இது தெரியாத லயமே இல்லை.

ஆகவே கொழுந்தெடுக்கப் போகும் மலையை முதலில் பாருங்கள். உயர்ந்த மரங்கள், பாறை இடுக்கு, பாலத்தின் அடி எதையும் விடவேண்டாம். கூடு தெரிந்தால் சிவப்புத் துணி கட்டி, காலையில் பிரட்டுக்களத்திலேயே எல்லாருக்கும் சொல்லுங்கள். கூட்டை அகற்றும்வரை அங்கே ஆள் அனுப்பக் கூடாது. கொழுந்து முற்றினால் முற்றட்டும்; துரைமாரும் கங்காணிமாரும் இதில் கணக்குப் பார்ப்பது அநியாயம். யாரும் கல்லெறியவோ தீ வைக்கவோ வேண்டாம். மானாப்புல் காய்ந்து கிடக்கிறது, ஒரு பொறி போதும். கூட்டை எடுப்பது பழகிய ஆளின் வேலை, அதுவும் உடலை முழுக்க மூடிக்கொண்டு, இருட்டிய பிறகு.

கூடு கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு, படங்கால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, கதவுள்ள கட்டடத்துக்கு ஓடுங்கள். நின்று அடிக்காதீர்கள், நசுங்கிய பூச்சியின் வாடை மற்றவற்றையும் கூப்பிடும். ஓட முடியாத வயதானவர்களைத் தனியே விட்டுவிடாமல் போர்த்தி இழுத்துக்கொண்டு வாருங்கள்.

நாம் குளவி என்று சொல்வது பலமுறை பெரிய தேனீதான். அதன் கொடுக்கு தோலில் தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மூச்சு முட்டினால், நாக்கோ தொண்டையோ வீங்கினால், தலை சுற்றினால் ஒரு கொட்டானாலும் ஆபத்து. 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரத் தாமதமாகும் இடமென்றால் தோட்டத்து லொறியிலாவது கொண்டுபோங்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் அன்று நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அடுத்த நாட்களில் சிறுநீர் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

வேலைநேரத்தில் கொட்டினால் அது வேலை விபத்து. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. தோட்டக் காரியாலயத்தில் அன்றே பதியச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.