கதிர்காமப் பாதயாத்திரைக்கு ஒரு படுக்கைக் கட்டு

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலெடுத்து, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாகத் தெற்கே இறங்கும் கதிர்காமப் பாதயாத்திரை ஒன்றரை மாதத்துக்கும் மேல் நீளும். கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் நடை முழுவதும் கிழக்கின் கோடையில்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட கச்சானாக வந்து வீசும் மாதங்கள் அவை. இதற்குப் படுக்கை கட்டும்போது பலரும் முதலில் போர்வையைத்தான் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம். இந்த வழியில் நித்திரையைக் கெடுப்பவை நிலமும் நுளம்பும். கீழே விரிப்பதற்கும் மேலே கட்டுவதற்கும் எடையை ஒதுக்குங்கள், போர்த்துவதில் மிச்சம் பிடியுங்கள்.

முதலில் எடைக்கு ஒரு வரம்பு வையுங்கள். உகந்தை வரைக்கும் ஊர்கள் இருக்கின்றன, அன்னதானமும் தண்ணீரும் கிடைக்கும். உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண, யால காடுகளுக்குள் இறங்கிய பிறகு ஐந்தாறு நாட்களுக்கு அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் உங்கள் தோளில்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. படுக்கையில் ஒரு கிலோ குறைத்தால் காட்டில் ஒரு லீற்றர் கூடுதலாகத் தூக்கலாம். எனவே விரிப்பு, துணி, வலை, கயிறு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. வீட்டில் தராசு இல்லையென்றால் பக்கத்துக் கடையில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். கையில் தூக்கி மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு தடித்த கம்பளி மட்டுமே ஒன்றரைக் கிலோவை விழுங்கிவிடும்.

கீழே விரிப்பது

படுக்கும் இடம் ஒவ்வொரு நாளும் மாறும். இன்று கோயில் மண்டபத்துச் சீமெந்து, நாளை பாடசாலை விறாந்தை, மறுநாள் ஆற்றங்கரை மணல். சீமெந்தும் கருங்கல்லும் பகலில் குடித்த வெக்கையைப் பாதிச் சாமம் வரை விடாமல் வைத்திருக்கும். மணல் சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் விடியப்புறத்தில் ஈரம் ஏறும். இந்த இரண்டுக்கும் பொருந்தும் விரிப்பு வேண்டும்.

என் தெரிவு, வெற்று அரிசிப் பைகள் இரண்டு. 50 கிலோப் பை ஒன்றின் அடித் தையலைப் பிரித்து, ஒரு பக்கத்தை நெடுக வெட்டி விரித்தால் ஏறக்குறைய நாலடிக்கு மூன்றடி வரும். இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம். எடை இருநூறு கிராம் அளவுதான். முள்ளுக்கும் சரளைக்கும் லேசில் கிழியாது, மணலை உதறினால் போய்விடும். உரப்பையும் அதே நெசவுதான், விலையில்லாமலும் கிடைக்கும். ஆனால் மிச்சமிருக்கும் உரம் வியர்வையில் கரைந்து தோலை எரிக்கும். வேறு வழியில்லையென்றால் பலமுறை அலசிக் காயவைத்த பிறகே எடுங்கள். புற்பாயும் பன்பாயும் படுக்கச் சுகமானவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மடிக்க முடியாது, சுருட்டித் தோளில் குறுக்கே வைத்தால் காட்டுப்பாதையில் கிளைகள் இழுக்கும், நனைந்தால் எடை கூடும். கடற்கரைக் கோயில்கள் வரை மட்டும் நடப்பவர்களுக்குப் பரவாயில்லை.

இந்த யாத்திரையில் வயது போன அம்மாமார் நிறையப் பேர் வருகிறார்கள். இடுப்பும் தோள்மூட்டும் நோகிறவர்களுக்கு வெறும் பை போதாது. யோகாப் பயிற்சிக்கு விற்கும் ரப்பர் விரிப்பை வாங்கி, தோளிலிருந்து இடுப்புக்குக் கீழ் வரை மட்டும் இருக்கும்படி வெட்டிவிடுங்கள். உடம்பின் பாரம் நிலத்தில் அழுத்துவது அந்த இடத்தில்தான், காலுக்கு மெத்தை தேவையில்லை. முழு விரிப்பின் எடையில் பாதி மிச்சம். மணலில் படுக்கும்போது விரிப்புக்குக் கீழே, இடுப்பு வரும் இடத்தில், கையால் ஒரு சிறு பள்ளம் தோண்டிக்கொண்டால் அது இன்னும் உதவும்.

ஒரே துணி, இரண்டு வேலை

போர்வையும் படுக்கை விரிப்பும் தனித்தனியாக வேண்டாம். பெண்களுக்குப் பழைய பருத்திச் சேலையைவிட நல்ல படுக்கையை நான் கண்டதில்லை. ஐந்தரை மீற்றர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம் வரும். இரண்டு மடிப்பைக் கீழே போட்டு, மூன்றாவதை மேலே இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். பலமுறை துவைத்து மெலிந்த சேலையாக இருக்க வேண்டும். அது வியர்வையை உறிஞ்சும், கச்சானில் விரித்துப் பிடித்தால் கெதியாகக் காயும். ஆண்களுக்கு எட்டு முழ வேட்டி இதே வேலையைச் செய்யும். சாரம் கொண்டுவருகிறவர்கள் அதைக் கழுத்துவரை இழுத்துப் பைபோலப் படுக்கலாம். பொலியெஸ்டர் துணி எடை குறைவு, சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனால் புழுக்கமான இரவில் முதுகோடு ஒட்டிக்கொண்டு வியர்க்குருவைக் கிளப்பும். ஒன்றரை மாத நடையில் வியர்க்குரு சின்ன விஷயமல்ல, பை உரசும் இடத்தில் அது புண்ணாகிவிடும்.

விடியப்புறம் கடற்காற்றில் கொஞ்சம் குளிரும். அதற்காகக் கம்பளி தூக்க வேண்டியதில்லை. மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு காதைத் துவாயால் சுற்றிக்கொண்டால் போதும். மிச்ச உடுப்பைத் துணிப்பையில் திணித்தால் அதுவே தலையணை.

நுளம்பு வலை

வலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடாகச் சான்றளித்தது. அதைச் சொல்லி வலையை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. டெங்கு இருக்கிறதே. டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. இந்த நடையில் அதிகாலை எழும்பி வெயில் ஏறும்வரை நடந்து, மத்தியானம் மரநிழலில் சாய்ந்து, பின்னேரம்தான் மறுபடி புறப்படுவோம். அந்தப் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

கடையில் சதுர அங்குலத்துக்கு 156 துளை உள்ள வலையாகக் கேளுங்கள், நுளம்புக்கு அது போதும். தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் லீஷ்மேனியா நோயைப் பரப்பும் மணல் ஈ அதைவிடச் சிறியது, சாதாரண வலைக்குள் நுழையக்கூடியது. மிக நெருக்கமான வலை அதைத் தடுக்கும், ஆனால் காற்றையும் தடுக்கும். பூச்சிமருந்து ஏற்றிய வலை இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல வழி. அதை ஆற்றிலோ குளத்திலோ மட்டும் அலசாதீர்கள், அந்த மருந்து மீனைக் கொல்லும்.

நாலு மூலையில் கட்டும் வலைக்குக் காட்டில் நாலு மரம் தேடவேண்டும். நடுவில் ஒரே கயிற்றில் தொங்கும்படி உச்சி தைத்த வலையே மேல். இரண்டு மரத்துக்கிடையில் ஒரு நைலோன் கயிறு, அவ்வளவுதான். மண்டபத்தில் தூண்கள் இருக்கும். வெட்டையில் ஊன்றுகோல்கள் இரண்டை மணலில் நட்டுக் கட்டலாம். வலையின் அடியை விரிப்புக்குக் கீழே நாலு பக்கமும் செருகுங்கள். எறும்பும் தேளும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

படங்கை ஆளுக்கொன்று தூக்க வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு மெல்லிய படங்கு போதும், முறைவைத்துச் சுமக்கலாம். திடீர் இடிமழைக்கு மேலே, மற்ற நாட்களில் கீழே.

புறப்படுமுன்னும் வழியிலும்

கட்டி முடித்த படுக்கையோடு வீட்டு முற்றத்தில் வெறுந்தரையில் ஓரிரு இரவு படுத்துப் பாருங்கள். எங்கே நோகிறது, வலை எங்கே தளர்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இருட்டில், டோர்ச் இல்லாமல், ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் மடித்துக் கட்டிப் பழகுங்கள். காட்டில் கூட்டம் அரோகரா சொல்லிப் புறப்படும்போது பின்தங்குவது ஆபத்து. விரிக்கும் இடமும் கூட்டத்தின் நடுவிலேயே இருக்கட்டும். யானை இறங்கும் தடத்திலும், முதலை உள்ள கும்புக்கன் ஆற்றின் விளிம்பிலும் வேண்டாம். கோயில்களில் மூலஸ்தானத்துப் பக்கம் கால் நீட்டாமல் விரியுங்கள்.

உகந்தையில் கட்டைப் பிரித்து மறுபடி பாருங்கள். இத்தனை நாளும் விரிக்காத எதையும், அது எவ்வளவு பெறுமதியானதாக இருந்தாலும், அங்கிருந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தலை வையுங்கள்.

காட்டில் துணியைப் புல்லில் காயப்போடாமல் கயிற்றில் போடுங்கள். உண்ணியும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியும் புல்லிலிருந்துதான் ஏறும். ஒவ்வொரு நாள் காலையிலும் வலையையும் சேலையையும் உதறி, அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தடவிப் பாருங்கள். சிற்றுண்ணி கடித்தால் வரும் காய்ச்சல் ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை கழித்து, வீட்டுக்குப் போன பிறகும் தொடங்கலாம். கடித்த இடத்தில் கருத்த பொருக்கு ஒன்று இருக்கும், சில வேளை அதுவும் தெரியாது. அப்படிக் காய்ச்சல் வந்தால் காட்டில் நிலத்தில் படுத்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, நேரத்தோடு தொடங்க வேண்டும்.