கட்டுரைக்கு முன்னுரை எழுதும் முறை: முக்கியக் குறிப்புகள்

அனுமந்தை, மரக்காணம் பக்கமிருந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை. அதனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அங்குள்ள உப்பளத்தைச் சுற்றியே வரும். ஊரில் கண்ணால் பார்த்ததை முன்னுரையில் வைப்பவரின் விடைத்தாள்தான் கட்டுக்குள் தனித்துத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேர்வில் இதன் இடம்

• டிஎன்பிஎஸ்சி குரூப் 1 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித்தாள்: பத்தாம் வகுப்புத் தரம், 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 40. கட்டுரை வரைதல் அதில் ஒரு பகுதி.

• யுபிஎஸ்சி குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாள் 1993 முதல் உண்டு. இப்போது 250 மதிப்பெண், 3 மணி நேரம், இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள். தமிழிலும் எழுதலாம்.

• முன்னுரைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். அதற்கு மேல் போனால் பொருளுரைக்கு வைத்த சரக்கு முன்னுரையிலேயே தீர்ந்துவிடும்.

இலக்கணம் என்ன சொல்கிறது

• நன்னூல்: ஆசிரியர் பவணந்தி முனிவர், காலம் 13ஆம் நூற்றாண்டு, எழுதச் செய்த சிற்றரசன் சீயகங்கன். நூலுக்கு முன்னுரையாக அமைவதைப் பாயிரம் என்பர். பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என அது இரண்டு. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் பாடியவர் பனம்பாரனார்.

• சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவை எட்டு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றில் நுதலிய பொருளும் பயனும் தேர்வுக் கட்டுரைக்கு அப்படியே பொருந்தும். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள், அதைப் பேசுவதால் யாருக்கு என்ன என்ற இரண்டுக்கும் முன்னுரை விடை சொல்லியாக வேண்டும்.

• நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் முன்னுரையை அதிகம் கெடுப்பவை இரண்டு. பொருளில்லாமல் சொற்களை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். ‘இன்றைய நவீன உலகில்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை நீட்டுவது மற்றொன்று விரித்தல்; உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் கேட்டால் தண்டி யாத்திரையை ஒரு பக்கம் எழுதுவது இதற்குப் பொருத்தமான உதாரணம்.

ஒரே தலைப்பு, இரண்டு முன்னுரை

தலைப்பு: பருவநிலை மாற்றமும் உப்பளத் தொழிலாளர் வாழ்வும்.

முதலாவது: “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் முன்னோர். உப்பு மனித வாழ்வுக்கு இன்றியமையாதது. அத்தகைய உப்பை விளைவிக்கும் தொழிலாளர்களின் நிலையை இக்கட்டுரையில் காண்போம்.”

இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் தலைப்பின் முதல் பாதியான பருவநிலை மாற்றம் எங்கே? ஒரு சொல்லாகக்கூட வரவில்லை. பழமொழியோ உப்பு என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது. ‘காண்போம்’ என்று சொன்னாலும் என்ன காணப்போகிறோம் என்பது கடைசி வரை தெரியவில்லை.

இரண்டாவது: “மரக்காணம் உப்பளங்களில் வெயில்தான் மூலதனம். தை, மாசியில் சீராக்கிய பாத்தி புரட்டாசி வரை உப்புத் தரும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வேலையில்லாக் காலத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பங்குனியில் காலம் தவறிக் கொட்டும் மழையின் இழப்பு அதற்குள் வராது. பருவநிலை மாற்றத்தின் சுமை உப்பளத் தொழிலாளர் தலையில் விழுவது இந்த இடைவெளியில்தான்.”

இங்கே இடம் இருக்கிறது, தொழில் நடக்கும் விதம் இருக்கிறது, ஒரு எண் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி வாக்கியத்தில் எழுதியவரின் நிலைப்பாடு இருக்கிறது. மழை மாறியது எப்படி, கூலி போனது எப்படி, அரசு செய்ய வேண்டியது என்ன என்று அடுத்து வரும் உட்தலைப்புகளைத் திருத்துபவரே ஊகித்துவிடலாம்.

கைவசம் இருக்க வேண்டிய செய்திகள்

• சிறுபாணாற்றுப்படை: 269 அடிகள், பாடியவர் நத்தத்தனார், தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். இதில் வரும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் கருத்து. உப்பு வணிகர் உமணர். உப்பு விளையும் நிலம் நெய்தல்.

• தண்டி யாத்திரை: 1930 மார்ச் 12 முதல் ஏப்ரல் 6 வரை. ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் யாத்திரை: ஏப்ரல் 13 திருச்சியில் புறப்பாடு, ஏப்ரல் 30 உப்பு எடுப்பு. இரண்டின் தேதிகளையும் மாற்றி எழுதுபவர்கள் ஏராளம். முதல் பத்தியிலேயே தேதி தவறினால் மற்ற தகவல்கள் மீதும் சந்தேகம் விழும்.

• கழுவெளி: மரக்காணத்தை ஒட்டிய உவர்நீர்ச் சதுப்பு நிலம். 2021இல் பறவைகள் சரணாலயம்; 2024இல் ராம்சர் தளம். சுற்றுச்சூழல் தலைப்புகளுக்குச் சென்னையின் பள்ளிக்கரணையையே எல்லோரும் எழுதும்போது, இந்தப் பகுதி மாணவர்கள் கழுவெளியை எழுத வேண்டும் என்பது என் ஆசை.

• அயோடின்: தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1962இல் தொடங்கியது, 1992இல் அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் எனப் பெயர் மாறியது. பொதுச் சுகாதாரத் தலைப்புக்கு இது நல்ல தொடக்கம்.

• ஒரு முன்னுரைக்கு இவற்றில் ஒன்று போதும். இலக்கியம், வரலாறு, புள்ளிவிவரம் மூன்றையும் ஒரே பத்தியில் திணித்தால், நன்னூலின் பத்துக் குற்றங்களில் இன்னொன்றான மிகைபடக் கூறலாகிவிடும்.

எழுதும் வரிசை

• முதலில் குறிப்புச் சட்டகம். முடிவுரையில் எங்கே போய் நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே முன்னுரையைத் தொடங்குங்கள். யுபிஎஸ்சியில் ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது 90 நிமிடம். அதில் முதல் 10 நிமிடத்தைச் சட்டகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

• முன்னுரை முடிந்ததும் வினாத்தாளில் தலைப்பை மறுபடி படியுங்கள். தலைப்பின் முக்கியச் சொல் ஒவ்வொன்றும், அல்லது அதன் பொருளாவது, பத்தியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பத்திக்குப் போகும் முன் ஒரு வாக்கியம் சேருங்கள்.