உப்பினுள் ஒளிந்திருப்பது எது?

ஆய்வகத்தில் நமக்குச் சிறிது வெள்ளைத் தூள் தரப்படுகிறது. அது சமையல் உப்பா, நவச்சாரமா, நஞ்சான பேரியம் குளோரைடா? பார்வையால் சொல்ல இயலாது; ருசி பார்ப்பதோ ஆபத்து. அதிலுள்ள நேர்மின் அயனியையும் எதிர்மின் அயனியையும் தனித்தனியே கண்டறிந்தால்தான் உப்பின் பெயர் விளங்கும்.

வீழ்படிவு கூறும் செய்தி

உப்புக் கரைசலில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் பின்னர் சில்வர் நைட்ரேட்டும் சேர்க்கிறோம். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றி, அது அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு உண்டு. நைட்ரிக் அமிலம் எதற்கு? கார்பனேட்டும் சில்வருடன் வீழ்படிவு தரும். அமிலம் அதனைக் கரியமில வாயுவாக முன்னரே வெளியேற்றிவிடுகிறது. அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றலாமா? கூடாது; தேடும் குளோரைடை நாமே உள்ளே விட்டவர்களாவோம்!

சோடியம் ஹைட்ராக்சைடுடன் சூடாக்கும்போது எழும் வாயு, ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கினால் அம்மோனியம் உண்டு எனலாம்.

சுடர் காட்டும் நிறம்

சுடர்ச் சோதனையில் சோடியம் பொன்மஞ்சளாகவும், கால்சியம் செங்கல் சிவப்பாகவும், பேரியம் ஆப்பிள் பச்சையாகவும், பொட்டாசியம் இளம் ஊதாவாகவும் நிறம் தருகின்றன. ஆனால் சோடியம் சிறிது கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் ஒளி பொட்டாசியத்தை மறைத்துவிடும். நீலநிறக் கோபால்ட் கண்ணாடி வழியே நோக்கினால் மஞ்சள் தடுக்கப்பட்டு ஊதா புலப்படும்.

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில், நிறக் கண்ணாடிகள் வழியே சுடரை ஆராய்ந்துவந்த புன்சனுக்கு, முப்பட்டகத்தைப் பயன்படுத்தலாம் என்று நண்பர் கிர்க்காஃப் யோசனை கூறினார். சுடரின் ஒளி தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. 1860இல் டுர்க்கைம் ஊற்று நீரை ஆராய்ந்தபோது, அறிந்த எந்தத் தனிமத்திற்கும் உரியதல்லாத நீலக் கோடுகளைக் கண்டனர். அவ்வாறு வெளிப்பட்டதே சீசியம். அடுத்த ஆண்டே ரூபிடியமும் கிடைத்தது.

குடிநீரும் கருவிகளும்

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதியாக உள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். பல்லாண்டுகள் பருகினால் எலும்புகளும் கெடும். நீரின் நிறமோ சுவையோ இதனைக் காட்டிக்கொடுப்பதில்லை.

சில்வர் நைட்ரேட்டும் இங்கே கைகொடுக்காது. சில்வர் ஃபுளூரைடு நீரில் கரையக்கூடியது. சிர்கோனியம்-அலிசரின் என்னும் சிவப்பு வினைபொருளை ஃபுளூரைடு மஞ்சளாக மாற்றும். துல்லியமாக அளக்க, லாந்தனம் ஃபுளூரைடு படிகம் பொருத்திய மின்முனை 1966 முதல் உதவுகிறது. அளவு தெரிந்த கரைசல்களில் முதலில் அதனைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு கிணற்று நீரில் அமிழ்த்துவார்கள்.

ஆயினும் கருவியும் ஏமாறக்கூடும். நீரிலுள்ள அலுமினியம் அயனி ஃபுளூரைடைப் பிணைத்துக்கொண்டால் மின்முனை குறைவாகவே காட்டும். அலுமினியத்தைத் தன்பால் ஈர்த்து ஃபுளூரைடை விடுவிக்கும் கரைசலைச் சேர்த்த பின்னரே அளவு மெய்யாகும். கருவியை இயக்குபவருக்கும் வேதியியல் அறிவு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே மாணவியரே, ஒரு நிறத்தைக் கண்டவுடன் விடையை எழுதிவிடாதீர்கள். உறுதிச் சோதனையைச் செய்யுங்கள். உப்பு சேர்க்காத வெற்றுச் சோதனையோடு ஒப்பிடுங்கள். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற முதுமொழி ஆய்வகத்திற்கும் பொருந்தும். இன்று சோதனைக் குழாயில் பழகும் இந்தப் பொறுமை, நாளை ஓர் ஊரின் குடிநீரைக் காக்கும்.