பழைய லப்டொப்பில் எந்த லினக்ஸ்?

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு லப்டொப். 4 ஜிபி ரேம், இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ். ஓய்வு நேரத்தில் கேம் விளையாட எந்த லினக்ஸ் போடலாம்?
– வாசகர், பேலியகொடை

பதில்: லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போடுங்கள், தம்பி. அதற்கு 2 ஜிபி ரேமே போதும். 4 ஜிபியில் சௌகரியமாக ஓடும். ஆன்டிஎக்ஸ் இன்னும் இலேசானது, ஆனால் புதிதாகப் பழகுபவருக்குச் சிரமம்.

உண்மையான தடை கிராபிக்ஸ்தான். ஸ்டீமில் விண்டோஸ் கேம்களை ஓட்டும் புரோட்டன், பெரும்பாலும் வல்கன் என்ற வசதியை நம்பியிருக்கிறது. எச்டி 4000இல் வல்கன் அரைகுறை. எந்த லினக்ஸைப் போட்டாலும் இது மாறாது; புதிய பெரிய 3டி கேம்களை மறந்துவிடுங்கள். வாலரன்ட் லினக்ஸில் ஓடவே ஓடாது. வெஸ்னோத் நன்றாக ஓடும், சூப்பர்டக்ஸ்கார்ட்டுக்கு செட்டிங்கைக் குறைக்க வேண்டும், இரண்டும் இலவசம். பழைய விண்டோஸ் கேம்கள் பலவற்றை வைன் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஓர் எஸ்எஸ்டி வாங்கிப் பூட்டுங்கள். மெஷின் திறக்கும் வேகமே வேறாகிவிடும். மின்டைப் போடுவதற்கு முன் அதைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபையும் சத்தமும் வேலைசெய்கிறதா என்று பாருங்கள்.